கொடியில் கிடக்கும் கிளிப்பும் ஒரு பொம்மைதான்

எமது வீடுகளில் பயன் முடிந்ததும் எவரும் திரும்பிப் பார்க்காத சில சாமான்கள் உண்டு. சுருள்கம்பி கழன்றுபோன மரக் கிளிப், ஐஸ்கிறீம் கப்போடு வரும் தட்டையான சின்ன மரக் கரண்டி, விளிம்பு தேய்ந்த மரக் கரண்டி, காம்பு ஆடும் சிரட்டை அகப்பை. இவற்றை அடுப்புக்குள்ளோ குப்பைக் கூடைக்குள்ளோ போட்டுவிடுகிறோம். சற்று நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலை தெரியும். தலைக்குக் கீழே ஒரு கழுத்து. அதற்கும் கீழே ஒரு உடல். மீதி வேலை ஒரு துண்டுத் துணிக்கும் கொஞ்ச நூலுக்கும் உரியது.

நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் கற்கும் மாணவி. தையலிலோ சித்திரத்திலோ பரிசு வாங்கியவள் அல்லள். என் தங்கச்சிக்காகத் தொடங்கிய இந்த வேலை, இரண்டு வருடங்களில் 40க்கும் மேற்பட்ட குட்டிப் பொம்மைகளாகப் பெருகிவிட்டது. எந்தப் பொம்மைக்கும் கடையில் போய் மரம் வாங்கவில்லை. இதனை எமது சகோதர மாணவிகளும், சின்னப் பிள்ளைகள் உள்ள பெற்றோரும் ஒரு விடுமுறை நாளில் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பழைய பழக்கம்

கையில் கிடைத்த மரத்தைப் பொம்மையாக்குவது உலகெங்கும் உள்ள பழக்கம். ஜப்பானின் வடகிழக்கில் உள்ள தோஹொக்குப் பிரதேசத்தில், கிண்ணமும் தட்டும் கடைந்து விற்ற மரவேலையாளர்கள் அதே கடைசல் பட்டறையில் ‘கொக்கேஷி’ என்னும் பொம்மைகளையும் கடைந்தார்கள். வெந்நீர் ஊற்றுகளில் குளிக்க வந்தவர்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிச் சென்றார்கள். கொக்கேஷிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. உருண்டைத் தலையும் உருளை உடலும் மட்டுந்தான். ஆனாலும் அதைப் பார்க்கும் எவரும் அது ஒரு சிறுமி என்று சொல்லிவிடுவர்.

இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி சிறுமியாக இருந்தபோது அவரிடம் 132 மரப் பொம்மைகள் இருந்தன. விலையுயர்ந்த பொம்மைகள் அல்ல. சாதாரணமான சின்ன மரப் பொம்மைகள். அவரும் அவருடைய ஆசிரியையும் சேர்ந்து அவற்றுக்கு உடை தைத்தார்கள். 32 பொம்மைகளுக்கு இளவரசியே தைத்தார் என்று சொல்லப்படுகிறது. அரண்மனைப் பிள்ளைக்கும் இன்பம் தந்தது தன் கையால் உடுத்திப் பார்த்த பொம்மைதான்.

கிளிப் பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் சுருள்கம்பிக் கிளிப்புக்கு அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் எம். ஸ்மித் என்பவர் 1853ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் கிளிப் என்பது ஒரே மரத்துண்டைக் கீழிருந்து பிளந்து செய்யப்பட்டது. மேலே உருண்டைத் தலை, கீழே இரண்டு கால். துணி காயப்போட்ட தாய்மாரின் காலடியில் விளையாடிய பிள்ளைகளுக்கு அது பொம்மையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

எமது நாட்டிலும் மரப் பாவைகளுக்குப் பெயர்போன இடம் அம்பலாங்கொடை. பாரமில்லாத மரத்தில் செதுக்கி, நூலில் கட்டி ஆட்டும் ‘ரூக்கட’ எனும் பாவைக்கூத்தினை யுனெஸ்கோ 2018ஆம் ஆண்டில் தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

முகம் வேண்டுமா?

பொம்மை என்றதும் எமது வீடுகளில் ஒரு கேள்வி எழும். என் உம்மம்மாவும் அதைத்தான் முதலில் கேட்டார்: “உருவம் செய்யலாமா மகள்?” நான் எமது இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டுத் தெளிவு பெற்றேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்துத் தோழியரோடு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல் அத்தோழியரை அவரிடம் விளையாட அனுப்பிவைத்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. அபூதாவூதில் உள்ள ஓர் அறிவிப்பில் அந்தப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரையும் வருகிறது. அதற்குத் துண்டுகளால் ஆன இரண்டு இறக்கைகள் இருந்தன. குதிரைக்கு இறக்கையா என்று கேட்ட நபியவர்கள், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தன என்று கேள்விப்படவில்லையா என்ற பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். மீந்த துண்டுகளில் இறக்கை வைக்கும் பிள்ளைக் கற்பனை எவ்வளவு பழையது என்பதை எண்ணி நானும் மகிழ்ந்தேன்.

சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகளைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். பேணுதலுக்காக முகம் வரையாமல் விடுபவர்களும் உள்ளனர். நான் செய்யும் பொம்மைகளுக்குக் கண், மூக்கு, வாய் வைப்பதில்லை. உம்மம்மாவின் மனமும் நிறைந்தது, வேலையும் இலகுவானது. இதில் இன்னொரு பயனும் உண்டு என்பதைப் பின்னர் கண்டுகொண்டேன். சிரித்த முகம் வரைந்த பொம்மை எப்போதும் சிரித்துக்கொண்டேயிருக்கும். முகமில்லாத பொம்மையோ பிள்ளை அழச் சொன்னால் அழும், கோபிக்கச் சொன்னால் கோபிக்கும். அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ மக்களும் தமது பிள்ளைகளுக்கு முகமில்லாத துணிப் பொம்மைகளையே வழக்கமாகச் செய்து கொடுக்கிறார்கள். முகம் வைப்பதும் விடுவதும் உங்கள் வீட்டாரின் விருப்பம்.

தேவையானவை

கூரான கத்தரிக்கோல், ஊசி, நூல், மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை, இறப்பர் பட்டி சில, ‘சாண்ட் பேப்பர்’ எனக் கடையில் கேட்கும் அரத்தாள். அரத்தாளில் 120 இலக்கமும் 220 இலக்கமும் ஒவ்வொரு தாள் போதும். இலக்கம் கூடக்கூடத் தாள் மென்மையாகும். முதலில் 120ஆல் சிலும்புகளைப் போக்கி, பின்பு 220ஆல் மழமழப்பாக்க வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், பின்னர் அதைப் போக்குவது கடினம்.

துணிக்கு உங்கள் வீட்டுத் தையல் மெசினுக்குக் கீழே பாருங்கள். தையற்கடையில் கேட்டாலும் ஒரு பை நிறையத் தருவார்கள். புதுத் துணியானால் ஒருமுறை கழுவிக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். கஞ்சி உள்ள துணி குட்டிப் பொம்மையில் கடதாசிபோல் விறைத்து நிற்கும். தலைத்துணிக்குப் பழைய பனியன் துணிதான் மிகச் சிறந்தது. அது வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, தலையோடு படிந்து கிடக்கும்.

மரத்தின் வெளிர் நிறம் பிடிக்காவிட்டால் சாயம் வாங்கவும் தேவையில்லை. பால் சேர்க்காத கடுஞ்சாயத் தேநீரை ஆறவைத்து, ஒரு பஞ்சால் மரத்தில் பூசிக் காயவிடுங்கள். இரண்டு மூன்று தடவை பூசினால் எங்கள் பிள்ளைகளின் நிறம் வந்துவிடும். ஈரம் பட்டதும் மரத்தின் மெல்லிய நார்கள் எழும்பி நிற்கும். நன்கு காய்ந்த பிறகு 220 தாளால் மெதுவாக ஒருமுறை தடவிவிட்டால் போதும்.

கிளிப் பொம்மை

மரக் கிளிப்பின் இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் இழுத்துச் சுருள்கம்பியைக் கழற்றுங்கள். ஒரு பாதியைக் கையில் எடுத்தால், ஒரு பக்கம் ஏறத்தாழத் தட்டையாகவும் மறுபக்கம் பள்ளங்களோடும் இருக்கும். தட்டையான இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பசை வைத்து ஒட்டுங்கள். இறப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். அதன் பின்பும் ஒரு இரவு முழுவதும் தொடாமல் விட்டால்தான் ஒட்டு முழுப் பலம் பெறும்.

இப்போது பள்ளங்கள் இரு பக்கமும் வெளியே தெரியும். துணியைக் கவ்விய முனை மேலே வரும்படி பிடியுங்கள். அம்முனைக்குச் சற்றுக் கீழே உள்ள பள்ளம் கழுத்து. அதற்குக் கீழே சுருள்கம்பி இருந்த பள்ளம் இடுப்பு. இந்தப் பள்ளங்களில் நூல் வழுக்காமல் நிற்கும் என்பதே கிளிப் பொம்மையின் இரகசியம்.

தலை சதுரமாக இருக்கும். அதற்குச் சிறிது பஞ்சைச் சுற்றி, மேலே வெளிர் நிறப் பனியன் துணியால் மூடிக் கழுத்துப் பள்ளத்தில் நூலால் கட்டுங்கள். கைகளுக்கு 10 சென்ரிமீற்றர் நீளமான தடித்த கம்பளி நூலை எடுத்து, நடுப்பகுதியைக் கழுத்தில் ஒருமுறை சுற்றி முடிச்சிட்டு, இரு நுனிகளிலும் ஒவ்வொரு முடிச்சு போடுங்கள். அம்முடிச்சுகளே உள்ளங்கை. கம்பி வைத்தால் கை வளையும் என்று சிலர் சொல்வர். ஆனால் பிள்ளை வளைத்து வளைத்து விளையாடும்போது கம்பி முறிந்து நுனி வெளியே வரும். நூலே நல்லது.

பாவாடைக்கு 12 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள துணி. குறுகிய ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கி, மேல் ஓரத்தில் நூலோட்டம் போட்டு இழுத்தால் துணி சுருங்கும். அதை இடுப்புப் பள்ளத்தில் இறுக்கிக் கட்டுங்கள். மேற்சட்டைக்கு 3 சென்ரிமீற்றர் அகலமான ஒரு பட்டியை மார்பில் குறுக்கே சுற்றி ஒட்டினால் போதும். தலைத்துணிக்கு 8 சென்ரிமீற்றர் சதுரத் துணியை முக்கோணமாக மடித்துத் தலையில் போட்டு, நாடிக்குக் கீழே ஒரு தையல்.

ஐஸ்கிறீம் கரண்டிக் குடும்பம்

இதுதான் சின்னப் பிள்ளைகளே செய்யக்கூடியது. ஐஸ்கிறீம் கரண்டிக்கு அகலமான ஒரு முனையும் ஒடுங்கிய நடுப்பகுதியும் உண்டு. அகல முனையே தலை. வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, ஓரங்களைத் தேய்த்த பின் துணியையோ வண்ணக் கடதாசியையோ சுற்றி ஒட்டுவதுதான் வேலை. ஒரு கலியாண வீட்டிலிருந்தோ பிறந்தநாள் விருந்திலிருந்தோ 15, 20 கரண்டிகள் சேர்ந்துவிடும். ஒரு ஊரையே உருவாக்கலாம். ஒன்றைப் பாதியாக வெட்டினால் குழந்தை. வெட்டும்போது கத்தரிக்கோலால் நசுக்கக் கூடாது. மரம் நீளவாக்கில் பிளந்துவிடும். பெரியவர் ஒருவர் கத்தியால் இரு பக்கமும் ஆழக் கீறிய பின் மடக்கி உடைத்தால் நேராக உடையும்.

ஐஸ்கிறீம் குச்சியை வளைக்கவும் முடியும். அரை மணித்தியாலம் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்தால் மரம் இளகிவிடும். சூடு ஆறிக் கை பொறுக்கும் பதத்தில் மெதுவாக வளைத்து, ஒரு கோப்பைக்குள் செருகி ஒரு இரவு காயவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். நான் இப்படி வளைத்த இரண்டு குச்சிகளில் ஒரு துணித்துண்டைக் கட்டி ஏணை செய்தேன்.

மரக் கரண்டிப் பொம்மை

கறி கிண்டிய மரக் கரண்டியானால் முதல் வேலை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் காயவைப்பது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் பிடிக்காது, தேநீர்ச் சாயமும் பிடிக்காது. கரண்டியின் குழிந்த பக்கம் பின்புறம். உப்பிய பக்கம் முகப்புறம். கழுத்துக்குச் சற்றுக் கீழே ஒரு ஐஸ்கிறீம் குச்சியைக் குறுக்கே வைத்து, நூலை பெருக்கல் அடையாளமாகப் பத்துச் சுற்று சுற்றிப் பசை தடவினால் இரண்டு கைகளும் வந்துவிடும். சட்டையைப் பைபோல் தைத்து மாட்டலாம். காம்பைச் சட்டைக்குள்ளே பிடித்துக்கொண்டு ஆட்டினால் இது நாடகப் பாவையாகவும் மாறும். சிரட்டை அகப்பையிலும் இவ்வாறே செய்யலாம். ஆனால் தலை பாரமாகையால் அது பெரிய பிள்ளைகளுக்கே பொருந்தும். ஆரம்பப் பிரிவு மாணவிகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சிகளில் இத்தகைய நான்கு பொம்மைகள் இருந்தால் போதும். பின்வரிசைப் பிள்ளையும் எட்டிப் பார்ப்பாள்.

பொம்மை பேசிய கதை

இதெல்லாம் எதற்கு, கடையில் அழகான பொம்மைகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. எமது வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எங்கள் உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய பெட்டியில் தங்கச்சிக்கு ஒரு பெரிய பொம்மை வந்தது. பொத்தானை அமத்தினால் ஆங்கிலத்தில் பேசும், பாடும். உம்மா எத்தனை நாள் உழைப்பில் வாங்கியது என்பதை நாங்கள் அறிவோம். அதனால் அது அழுக்காகிவிடக் கூடாதென்று அலுமாரிக்கு மேலே பெட்டியோடு வைத்துவிட்டோம். தங்கச்சியும் அதைக் கேட்பதில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள்.

நான் செய்து கொடுத்த கிளிப் பொம்மைகள் அப்படியல்ல. அவை மணலில் புரளும், குளிக்கும், அவளுடைய தலையணைக்குக் கீழே உறங்கும். அவளுக்கு அப்போது 5 வயது. உம்மா போன பிறகு வீட்டில் அவள் அதிகம் பேசாமலிருந்தாள். வீடியோ அழைப்பு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒரு நாள் பின்னேரம் அவள் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மம்மா, வாப்பா, நான், அவள் என்று நான்கு பொம்மைகள் பாயில் இருந்தன. ஐந்தாவதை ஜன்னல் கட்டையில் தனியாக நிறுத்தியிருந்தாள்.

“இது ஏன் அங்க நிக்குது?” என்று கேட்டேன்.

“அது உம்மா, ராத்தா. அங்கதான் வேல. இன்னும் லீவு கிடைக்கல்ல.”

பிறகு அந்தப் பொம்மையைக் கையில் எடுத்து, பாயிலிருந்த சின்னப் பொம்மையிடம் கொண்டு வந்து, “நீ சாப்பிட்டியா மகள்?” என்று கேட்க வைத்தாள். சின்னப் பொம்மை நெடுநேரம் பதில் சொன்னது. என்ன சாப்பிட்டது, பாலர் பாடசாலையில் யார் அடித்தது, பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாவற்றையும் சொன்னது. எங்களில் எவரிடமும் அவள் சொல்லாத விடயங்கள் அவை.

அன்றிரவு உம்மா அழைத்தபோது தங்கச்சி வழக்கம்போல் ஒதுங்கினாள். நான் அந்தப் பொம்மையை அவள் கையில் கொடுத்து, “இவவ உம்மாவுக்குக் காட்டு” என்றேன். அவள் பொம்மையை மட்டும் கெமராவுக்கு முன்னால் நீட்டினாள். உம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அந்தப் பாவாட என்ட பழைய கவுண் துணிதானே?” என்று கேட்டார். அது உண்மைதான். தங்கச்சி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, “ஓம், கை கிழிஞ்ச கவுண்” என்று பதில் சொன்னாள். அந்த அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீண்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு மனதில் உள்ளதைச் சொல்லச் சொற்கள் போதாது. பொம்மை ஒன்றின் பெயரில் என்றால் சொல்லிவிடுவார்கள். பெற்றோர்கள் இதனைச் செவிமடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அருகில் அமர்ந்து, கேள்வி கேட்காமல், திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். அவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கும் அபாயமுள்ளது. எனவே மணி, பொத்தான், வெட்டிய சிறு குச்சி ஆகியவற்றை அந்த வயதினரின் பொம்மைகளில் வைக்காதீர்கள். அவர்களுக்கு முழு மரக் கரண்டியில் செய்த பெரிய பொம்மையே ஏற்றது. அதிலும் துணியையும் கையையும் இழுத்துப் பார்த்துக் கழராது என்று உறுதிசெய்த பின்னரே கொடுக்க வேண்டும்.

கழற்றிய சுருள்கம்பிகளை உடனே ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். குண்டூசியால் துணியைப் பிடித்து வைத்துத் தைத்தால், தொடங்கும்போது எண்ணிய ஊசிகளை முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். கதவுக்கும் கேற்றுக்கும் அடிக்கும் பெயின்ட் மீதியைப் பொம்மைக்குப் பூசாதீர்கள். தேநீர்ச் சாயமே போதும். மழைக்காலத்தில் செய்தவற்றை உடனே பெட்டியில் மூடி வைக்க வேண்டாம். ஈரம் முற்றாகக் காயாத மரத்திலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

முதல் தடவை செய்பவர்கள் ஐஸ்கிறீம் கரண்டியிலிருந்து தொடங்குங்கள். தரம் 1, 2 பிள்ளைகளும் அரை மணித்தியாலத்தில் ஒன்றை முடித்துவிடுவர். கிளிப் பொம்மைக்குப் பசை காய ஒரு இரவு வேண்டும். ஆகவே முதல் நாள் இரவு ஒட்டி வைத்து, மறுநாள் ளுஹருக்குப் பிறகு உடுத்தத் தொடங்கலாம். துணியைத் தெரிவு செய்யும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். யாருடைய பழைய உடுப்பிலிருந்து எந்தப் பொம்மைக்குத் துணி எடுக்கிறது என்பதைப் பார்த்தாலே, அது யாரைத் தேடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.